கண்மை, வெறுங்கால், பியானோ: டிம் மின்ச்சின் பற்றிக் கேட்டவர்களுக்கு

போன வாரம் டிம் மின்ச்சின் பாட்டு ஒன்றைப் பகிர்ந்ததிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. 20 வருடமாக மேடைகளில் கீபோர்டு வாசிக்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி: இவர் பாடகரா, காமெடியனா, நாடகக்காரரா?

மூன்றும்தான். 1975-ல் இங்கிலாந்தில், நார்தாம்ப்டனில் பிறந்தார். பெற்றோர் ஆஸ்திரேலியர்கள், வளர்ந்தது பெர்த்தில். அங்கேயே ஆங்கிலமும் நாடகமும் படித்தார், பிறகு இசையும் படித்தார். 2002-ல் மெல்பர்னுக்குக் குடிபோனவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் நடிப்பு வேலையே கிடைக்கவில்லை. இசைக் கம்பெனிகளோ, பாட்டு பிடித்திருக்கிறது, ஆனால் கேலியும் உருக்கமும் இப்படிக் கலந்து கிடந்தால் எப்படி விற்பது என்று கையை விரித்துவிட்டன. சரி, வேடிக்கைப் பாட்டுகளை எல்லாம் ஒரே நிகழ்ச்சியில் கொட்டித் தீர்த்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்போம் என்று நினைத்தார். தீர்த்துக் கட்ட நினைத்ததே தொழிலாகிவிட்டது. 2005-ல் 'டார்க் சைட்' என்ற நிகழ்ச்சி மெல்பர்ன் நகைச்சுவை விழாவில் எடுபட்டது. அதே ஆண்டு எடின்பரோ கலைவிழாவில் சிறந்த புதுமுக நகைச்சுவையாளருக்கான பெரியர் (Perrier) விருதும் கிடைத்தது.

இவர் செய்வதைக் காபரே என்பார்கள். காபரே என்றதும் பழைய சினிமா கிளப் டான்ஸை நினைக்காதீர்கள். ஒரு ஆள், ஒரு பியானோ, பேச்சும் பாட்டும் மாறி மாறி, கைக்கெட்டும் தூரத்தில் கூட்டம். அவ்வளவுதான் காபரே. அதற்குள் ராக் இசையின் வேகத்தை ஏற்றினார் மின்ச்சின்.

கேள்வி: ஆண்பிள்ளை கண்ணுக்கு மை தீட்டுவது எதற்கு?

இரண்டு கையும் பியானோவில் மாட்டிக்கொண்டால் சைகை காட்ட முகம்தான் மிச்சம். கடைசி வரிசைக்கும் அந்த முகம் தெரியவேண்டும், அதற்குத்தான் மை. வெறுங்காலோடு வாசிப்பது அவருக்கு வசதி.

கேள்வி: வரிகளில் அப்படி என்ன விசேஷம்? மொட்டையாகப் புகழாமல் ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

நியாயமான கேள்வி. 'ப்ரெஜுடிஸ்' என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சில எழுத்துகள் சேர்ந்தால் ஒரு சொல் எவ்வளவு ரணப்படுத்தும் என்று மெதுவாக, கனமான குரலில் தொடங்குகிறார். 6 எழுத்து, இரண்டு ஜி, ஒரு ஆர், ஒரு ஈ, ஒரு ஐ, ஒரு என். கேட்கிறவர் மனதில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்தச் சொல் வந்து நின்றுவிடுகிறது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. அதே 6 எழுத்தை மாற்றி அடுக்கினால் வருவது 'ஜிஞ்சர்', அதாவது செம்பட்டை முடிக்காரர்களுக்கு வைத்த கேலிப்பெயர். மின்ச்சினும் செம்பட்டைதான். சிரிப்பு வெடிக்கிறது. ஆனால் முதலில் அந்த மோசமான சொல்லை நினைத்தது நாம்தானே? அந்த உறுத்தல் வீட்டுக்குப் போனபிறகும் போவதில்லை.

இன்னொன்று, 'மடில்டா' இசைநாடகத்துக்கு அவர் எழுதிய பள்ளிக்கூடப் பாட்டு. புதுப் பிள்ளைகளைப் பெரிய பிள்ளைகள் மிரட்டும் பாட்டு. வரிகளின் ஒலிக்குள் ஏ முதல் இசட் வரை ஆங்கில அகரவரிசை முழுக்க ஒளிந்திருக்கிறது. மேடையில் அந்தந்த ஒலி வரும்போது எழுத்துக் கட்டைகள் பள்ளியின் வாயிற்கதவில் ஒவ்வொன்றாகச் சொருகப்படும். அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி 2010-ல் ஸ்ட்ராட்ஃபோர்டில் அரங்கேற்றியது. அடுத்த ஆண்டு லண்டன், 2012-ல் பிரிட்டிஷ் நாடகங்களுக்கான ஒலிவியர் விருதுகள் 7, 2013-ல் நியூயார்க்கின் பிராட்வே. கதைவசனம் டென்னிஸ் கெல்லி. அவரை விட்டுவிட்டுப் பேசுவது தப்பு.

கேள்வி: என் 8 வயது மகளுக்கு 'மடில்டா' உயிர். அவருடைய மற்ற பாட்டுகளையும் போட்டுக் காட்டலாமா?

கூடாது. முதலில் நீங்கள் தனியாகக் கேளுங்கள். கெட்ட வார்த்தையும் மதக் கேலியும் தாராளமாக வரும்.

கேள்வி: 'ஸ்டார்ம்' கேட்டேன். சித்த மருந்தில்தான் என் அம்மாவின் மூட்டுவலி குறைந்தது. மாற்று மருத்துவத்தைக் கேலி செய்கிறவரை ஏன் கொண்டாடுகிறீர்கள்?

அம்மாவுக்கு வலி குறைந்தது சந்தோஷம். தெரியாதவர்களுக்காக: லண்டனில் ஒரு விருந்து. ஸ்டார்ம் என்ற பெண் அறிவியலால் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று பேசிக்கொண்டே போகிறாள். மின்ச்சின் வாயை அடக்கி அடக்கிப் பார்த்து, கடைசியில் பொங்கிவிடுகிறார். நீளமான பேச்சுக்கவிதை. 2011-ல் அனிமேஷனாகவும் வந்தது. அவர் கேட்பது ஒன்றுதான்: சோதித்துப் பார்த்தீர்களா? உங்கள் மருந்து சோதனையில் தேறினால் அவருக்கு அதோடு சண்டையே இல்லை.

அதே வாசகர்: சோதனை இருக்கட்டும். ஒரு பெண்ணை எல்லார் முன்னாலும் வாயடைக்க வைப்பது பெருமையா?

இதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பக்க வசனத்தையும் எழுதுகிறவர் ஒருவரே என்றால் எதிராளி தோற்கத்தான் செய்வாள். முதல் தடவை கேட்டபோது கைதட்டினேன். இப்போது அந்த இடம் எனக்கும் நெருடுகிறது. ஆனால் துணுக்கை மட்டும் பார்க்காதீர்கள். கவிதை முடிவது அவள் தோல்வியில் அல்ல. கண்முன் இருக்கும் இந்த உலகமே போதுமான அதிசயம், அதற்கு மேல் என்ன வேண்டும் என்ற வியப்பில் முடிகிறது.

வேறொருவர்: அப்படியானால் அவர் நாத்திகப் பிரசாரகர்தானே?

நாத்திகர், மறைத்ததில்லை. 'ஒயிட் ஒயின் இன் தி சன்' கேளுங்கள். கடவுளை நம்பாதவர் கிறிஸ்துமஸுக்கு உருகுகிறார். ஆஸ்திரேலியாவில் அது கொளுத்தும் கோடை. கைக்குழந்தை மகளிடம், நீ எங்கே போனாலும் உனக்காக வெயிலில் ஒரு குடும்பம் காத்திருக்கும் என்கிறார். முழுதாகக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம். மருத்துவம், மதம் இரண்டையும் இத்தோடு நிறுத்துகிறேன்.

கேள்வி: கண்ணுக்கு மை எதற்கு?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: ஹாலிவுட் போனாரே, என்ன ஆயிற்று?

'லாரிகின்ஸ்' என்ற ட்ரீம்வொர்க்ஸ் அனிமேஷன் படத்துக்காக லாஸ் ஏஞ்சலஸில் வருடக்கணக்கில் உழைத்தார். கம்பெனி கைமாறியது. 2017-ல் படம் கைவிடப்பட்டது. அத்தனை வருட வேலை அப்படியே பெட்டிக்குள் போயிற்று. ஊர் திரும்பினார். 2019-ல் 'அப்ரைட்' என்ற தொடரில், சாகக் கிடக்கும் தாயைப் பார்க்க ஒரு பழைய பியானோவையும் இழுத்துக்கொண்டு சிட்னியிலிருந்து பெர்த்துக்குப் பாலைவனம் தாண்டுகிறவராக நடித்தார். எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

கேள்வி: மை போடுவதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

இரண்டாவது பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பியானோ கற்கிறேன், இரண்டு வருடம் ஆகிறது. அவர் பாட்டில் எதை முதலில் எடுக்கலாம்?

'நாட் பர்ஃபெக்ட்'. வேகமான வேடிக்கைப் பாட்டுகளை இப்போது தொடாதீர்கள், விரலும் நாக்கும் ஒன்றையொன்று இடறும். இது நிதானமான பாட்டு. பூமி, நாடு, வீடு, உடம்பு, மூளை என்று சரணத்துக்குச் சரணம் சுருங்கி உள்ளே போகிறது. நீங்களும் கடைசிச் சரணத்தில் கையை லேசாக்கிவிடுங்கள்.