கணக்கு மாறிய மெயிலும் பூட்டிய டாலியும்

எங்களுக்கு நூல் தருபவர், "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் போடுங்கள்" என்று மெயில் அனுப்பியிருக்கிறார். ஆர்டர் எண், தொகை எல்லாம் சரியாக இருக்கிறது. அனுப்பலாமா?
– பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்

அனுப்பாதீர்கள். ஆர்டர் எண் சரியாக இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உங்கள் மெயிலையோ அவர் மெயிலையோ யாரோ உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கலாம். வந்த முகவரியை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ஆங்கில 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' இரண்டையும் ஒட்டி வைத்திருப்பார்கள். செல்போன் திரையில் வித்தியாசமே தெரியாது. முகவரி சரியாக இருந்தாலும் முடிவு செய்துவிடாதீர்கள், அவருடைய மெயிலுக்குள்ளேயே ஆள் புகுந்திருக்கலாம். பழைய பில்லில் இருக்கும் எண்ணுக்குப் போன் போட்டு, அவர் குரலைக் கேட்டுக் கேளுங்கள். இந்த மெயிலில் இருக்கும் எண் வேண்டாம், எடுப்பவன் அவனாகவே இருப்பான்.

அப்புறம், உங்கள் மெயில் செட்டிங்கில் ஃபார்வர்டிங் பகுதியைத் திறந்து பாருங்கள். தெரியாத முகவரி ஏதாவது இருந்தால், வரும் மெயில் எல்லாம் ஒரு நகல் அங்கேயும் போகிறது. அதை நீக்கிவிட்டு பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஏற்கெனவே பணம் போட்டிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-ஐயும் வங்கியையும் கூப்பிடுங்கள். பணம் கைமாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்திவைக்க வழி உண்டு.

கணக்கு எழுதும் டாலி மென்பொருளின் ஃபைல் எதுவும் திறக்கவில்லை, பிட்காயின் கேட்கிறார்கள். பேக்கப் எடுத்த ஹார்டு டிஸ்க்கும் பூட்டிக்கொண்டது.
– அச்சக உரிமையாளர், சிவகாசி

டிஸ்க் எந்நேரமும் கம்ப்யூட்டரில் சொருகியே இருந்தது, இல்லையா? வீட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்ட கதைதான். முதலில் நெட் கேபிளைப் பிடுங்குங்கள். ஃபார்மேட் செய்யாதீர்கள். 'நோ மோர் ரான்சம்' என்ற இணையதளத்தை ஐரோப்பிய ஒன்றியத்தின் போலீஸ் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் பாதுகாப்பு நிறுவனங்களோடு சேர்ந்து 2016-ல் தொடங்கினார்கள். பூட்டிய ஃபைல் ஒன்றையும் மிரட்டல் குறிப்பையும் அங்கே ஏற்றினால், அந்த வகைக்கு இலவசச் சாவி இருக்கிறதா என்று சொல்லும். எல்லா வகைக்கும் இருக்காது. பணம் கட்டச் சொல்ல மாட்டேன். கட்டினாலும் சாவி வருமா என்பது திருடனின் மனசு.

உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள், போன வருடக் கணக்குக்குக் கொடுத்த டாலி டேட்டா அவரிடம் இருக்கும். வீட்டிலிருந்து டாலி பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து வைத்திருந்தீர்கள் என்றால், என் சந்தேகம் அந்த வாசல்மேல்தான். சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் உத்தரவு சொல்கிறது. இனிமேல் இரண்டு டிஸ்க் வைத்துக்கொள்ளுங்கள், மாற்றி மாற்றி ஒன்று வீட்டுக்குப் போகட்டும்.

விண்டோஸ் 10 நன்றாகத்தானே ஓடுகிறது?
– மருந்துக்கடைக்காரர், தஞ்சாவூர்

ஓடும். ஆனால் வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-டன் நின்றுவிட்டது. 2017 மே மாதம் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் உலகத்தையே உலுக்கியபோது, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. பெரும்பாலும் போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

கணக்குப் பார்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். என்ன மாற்ற வேண்டும்?
– ஹார்டுவேர் கடை, மதுரை

மெயில், டாலி, நெட் பேங்கிங் பாஸ்வேர்டுகளை இன்றைக்கே மாற்றுங்கள். ஜிஎஸ்டி போர்ட்டலில் பதிவாகியிருக்கும் மொபைல் எண் யாருடையது என்றும் பாருங்கள். அவருடையதாக இருந்தால், உங்கள் ஓடிபி இன்னும் அவர் சட்டைப் பையில்தான் விழுந்துகொண்டிருக்கும்.