ஒரே தூள், மூன்று கருவிகள்: வீட்டுக் காபி ஏன் மூன்று விதமாகக் கெடுகிறது?

வாசகர் கேள்வி: எங்கள் வீட்டில் தூளை ஊறவிட்டுச் சல்லடைத் தண்டால் அழுத்தும் ஃபிரெஞ்ச் பிரஸ், அடுப்பில் ஏற்றும் மோக்கா பாட், வடிதாள் வைத்து வெந்நீர் ஊற்றி வடிக்கும் கூம்பு ஆகிய மூன்றும் இருக்கின்றன. கடையில் அரைத்து வாங்கிய ஒரே தூளைத்தான் மூன்றிலும் போடுகிறேன். ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில் கலங்கலாகவும், மோக்கா பாட்டில் கடுங்கசப்பாகவும் வருகிறது. கூம்பிலோ ஒன்றரை நிமிடத்திலேயே எல்லாம் இறங்கி, நீர்த்துப்போய்ப் புளிக்கிறது. நான் பால் சேர்க்காமல் குடிப்பவன். மனைவிக்குப் பால் வேண்டும். காலையில் பதினைந்து நிமிடங்களுக்கு மேல் ஒதுக்க இயலாது. எந்த முறையைக் கைக்கொள்ளலாம்? வேறு கருவி வாங்க வேண்டுமா?

பதில்: காபி தயாரிக்க வேறு கருவி எதுவும் வேண்டியதில்லை. உங்களிடம் உள்ள மூன்றுமே நல்ல காபியைத் தரக்கூடியவை. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அரைப்புப் பதத்தை எதிர்பார்க்கிறது. மூன்றுக்கும் ஒரே தூளைப் போடுவதுதான் உங்கள் சிக்கலில் பெரும்பகுதி. செலவு செய்ய மனமிருந்தால், கிராம் கணக்கில் எடை காட்டும் தராசு ஒன்றையும், கையால் சுற்றும் பர் கிரைண்டர் ஒன்றையும் வாங்குங்கள். பிளேடு சுழலும் அரவை இயந்திரம் கொட்டையைக் கண்டபடி வெட்டித் தள்ளுவதால், அதே தூளில் மாவும் குருணையும் கலந்து கிடக்கும். மாவு கசப்பைத் தர, குருணை புளிப்பைத் தர, ஒரே கோப்பையில் இரண்டு குறைகளும் சேர்ந்துவிடும். பர் கிரைண்டரில் இரண்டு பற்சக்கரங்களுக்கு இடையிலான இடைவெளியைக் கூட்டிக் குறைத்து, வேண்டிய பதத்தைப் பெரும்பாலும் சீராகப் பெறலாம்.

இந்தப் புளிப்பும் கசப்பும் எங்கிருந்து வருகின்றன என்பதைத் தெரிந்துகொண்டால், அதன்பிறகு யாருடைய செய்முறைக் குறிப்பும் உங்களுக்குத் தேவைப்படாது. வறுத்த காபிக் கொட்டையின் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம்தான் நீரில் கரையக்கூடியது. அதையும் முழுவதுமாகக் கரைத்தெடுத்துவிட்டால் குடிக்க முடியாது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் எர்னஸ்ட் லாக்ஹார்ட் 1950-களில் செய்த ஆய்வுகளின் வழியாக, தூளின் எடையில் 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்து வரும்போதுதான் சுவை இசைவாக இருக்கிறது என்ற அளவுகோல் உருவாயிற்று; காபித் துறையினர் இன்றளவும் அதைத்தான் அடிப்படையாகக் கொள்கின்றனர். வெந்நீர் பட்டதும் புளிப்புச் சுவை தரும் அமிலங்கள் விரைந்து இறங்குகின்றன. இனிப்பை உணர்த்தும் பொருள்கள் அவற்றைத் தொடர்கின்றன. நாக்கை வறளச் செய்யும் கசப்பும் துவர்ப்பும் பின்தங்கி வருகின்றன. ஆகவே, புளிப்பு மேலோங்கினால் கரைதல் பாதியில் நின்றுவிட்டது என்றும், துவர்ப்போடு கூடிய கசப்பு மேலோங்கினால் எல்லை தாண்டிவிட்டது என்றும் கொள்ளலாம்.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒன்று உண்டு. காபி 'திடமாக' இருப்பதும், தூளிலிருந்து மிகுதியாகக் கரைந்திருப்பதும் வேறு வேறு. கொஞ்சம் தூளில் நிறைய நீரை நெடுநேரம் ஊறவிட்டால் காபி நீர்த்தும் இருக்கும், கசக்கவும் செய்யும். தூளை அள்ளிப் போட்டு அவசரமாக வடித்தால் திடமாகவும் இருக்கும், புளிக்கவும் செய்யும். திடத்தைத் தூளுக்கும் நீருக்கும் உள்ள விகிதம் தீர்மானிக்கிறது. புளிப்பையும் கசப்பையும் அரைப்பு, நேரம், வெப்பம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கின்றன. கசக்கிறது என்பதற்காகத் தூளைக் குறைத்துக்கொண்டே போகிறவர்களுக்குக் கடைசியில் மிஞ்சுவது கசக்கும் வெந்நீர்தான். எனவே விகிதத்தை முதலில் நிலைநிறுத்துங்கள்: பால் சேர்க்காத காபிக்கு ஒரு லிட்டர் நீருக்கு 60 கிராம், அதாவது 250 மில்லிலிட்டருக்கு 15 கிராம். அதன்பிறகு அரைப்பை மட்டும், ஒரு நாளைக்கு ஒரு படி என மாற்றி வாருங்கள். புளித்தால் ஒரு படி நைசாக. கசந்தால் ஒரு படி கொரகொரப்பாக. கரண்டிக் கணக்கு இதற்கு உதவாது. கருக வறுத்த கொட்டை எடை குறைந்து உப்பியிருக்கும், இளவறுவல் கொட்டை கனமாக இருக்கும் என்பதால், ஒரே கரண்டி இரண்டிலும் வெவ்வேறு எடையைத் தரும்.

கூம்புக்கு வருவோம். ஒன்றரை நிமிடத்தில் நீர் இறங்கிவிடுகிறது என்று நீங்களே குறிப்பிட்டிருப்பதால் நோய் எளிதில் பிடிபடுகிறது: தூள் போதவில்லை, அல்லது இந்தக் கருவிக்கு அது மிகவும் கொரகொரப்பு. பொடியுப்பைவிடச் சற்றே பருத்த பதத்தில் அரைத்து, 15 கிராம் போடுங்கள். வடிதாளை முதலில் வெந்நீரால் நனைத்து அந்நீரைக் கொட்டிவிட்டால் தாளின் வாடை போய்விடும், கூம்பும் சூடேறும். பிறகு 30 மில்லிலிட்டர் நீரை மட்டும் தூள் முழுவதும் நனையும்படி ஊற்றி, அரை நிமிடம் பொறுங்கள். புதிதாக வறுத்த கொட்டையானால் தூள் மெல்ல எழும்பி, மேலே சிறு சிறு குமிழிகள் வெடிப்பதைப் பார்க்கலாம். வறுக்கும்போது உள்ளே சிறைப்பட்ட கரியமில வாயு வெளியேறும் காட்சி அது. அந்த வாயு போகாமல் நீரைக் கொட்டினால், தூளும் நீரும் முழுமையாகக் கலக்காமல் வாயு இடையில் நின்று தடுக்கும். எஞ்சிய நீரை நடுவிலிருந்து வட்டமாக, மூன்று நான்கு தவணைகளில் ஊற்றுங்கள். எல்லாம் இறங்கி முடிய இரண்டரை முதல் மூன்றரை நிமிடம் ஆக வேண்டும். குமிழியே எழவில்லை என்றால் தூள் பழையது என்று பொருள். எந்தக் கைவண்ணமும் அதைச் சரிசெய்யாது.

வடிதாள் முறைக்கு வேறொரு சிறப்பும் இருக்கிறது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற இல்லத்தரசி, காபியின் கசடும் கசப்பும் பிடிக்காமல், துளையிட்ட பாத்திரத்தில் மகனுடைய மை ஒற்றும் தாளை வைத்து வடித்துப் பார்த்து, 1908-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். கசடோடு காபியின் எண்ணெய்ப் பொருள்களில் பெரும்பகுதியையும் தாள் பிடித்துவைத்துக்கொள்கிறது. அவற்றிலுள்ள கஃபெஸ்டால் என்ற பொருள் இரத்தத்தில் கெட்ட கொலஸ்டிராலை உயர்த்தக்கூடியது என்பது பிற்காலத்தில் உறுதிப்பட்டது. கொலஸ்டிரால் கவலை உள்ளவர்கள், அன்றாடம் பல கோப்பை குடிப்பவர்களாக இருந்தால், ஃபிரெஞ்ச் பிரஸ்ஸைவிட வடிதாளைத் தேர்ந்துகொள்வது நல்லது.

ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில் கலங்கலாக வருவதற்கு அரைப்பு பாதிக் காரணம். அழுத்துத் தண்டை விசையோடு அடிவரை இறக்குவது மறுபாதி. இந்த முறையில் எனக்குத் தனிப் பற்று உண்டு, ஏனெனில் பொறுமையைத் தவிர வேறு திறமை எதையும் இது கேட்பதில்லை. கல்லுப்பை ஒத்த கொரகொரப்பில் 30 கிராம் தூளுக்கு, கொதித்து அடங்கிய நீர் 500 மில்லிலிட்டர் ஊற்றி நான்கு நிமிடம் விடுங்கள். தூள் மேலே திரண்டு, பழுப்பு நிறத்தில் தடித்த ஏடாக மிதக்கும். கரண்டியின் பின்புறத்தால் அந்த ஏட்டை மெதுவாகக் கலைத்தால் பெரும்பாலான தூள் அடியில் போய்விடும். மேலே மிஞ்சும் வெளிர்நுரையையும் மிதவைகளையும் வழித்து எடுத்துவிடுங்கள். அதன்பின் மேலும் நான்கைந்து நிமிடங்கள் அசைக்காமல் வைக்க வேண்டும். கசந்துவிடுமே என்று அஞ்ச வேண்டாம்: நீர் ஆறிக்கொண்டே வருகிறது, தூளும் கொரகொரப்பானது, அதனால் கரைதல் மிகவும் மந்தப்பட்டுவிடும், அந்த நேரத்தில் நுண்தூள் படிந்து தெளிவதே நடக்கிறது. சல்லடையைக் காபியின் மேற்பரப்பு வரை மட்டும் இறக்கி, வண்டல் கிளம்பாதபடி சாய்த்து ஊற்றி, அடியில் இரண்டு விரற்கடை அளவை விட்டுவிடுங்கள்.

மோக்கா பாட்டின் கசப்புக்கு, தூளைவிட அடுப்பே பெரிதும் காரணம். இத்தாலியில் 1933-இல் அல்ஃபோன்சோ பியலெட்டியின் பட்டறையிலிருந்து வந்த இக்கருவியில், அடிக்கலத்தில் உண்டாகும் நீராவியின் அழுத்தம் வெந்நீரைத் தூளின் ஊடே மேலே தள்ளுகிறது. குளிர்ந்த நீரை வைத்துப் பெருந்தீயில் ஏற்றினால், நீர் சூடேறும் வரை உலோகத்தின் சூட்டில் தூள் வறுபடுகிறது. கடைசியில் நீராவியும் கலந்து தூளைச் சுட்டுவிடுகிறது. எனவே ஏற்கெனவே கொதித்த நீரைப் பாதுகாப்பு வால்வுக்குக் கீழ்மட்டம் வரை ஊற்றுங்கள். அடிக்கலத்தைத் துணியால் பிடித்துக்கொண்டு மேல்பாகத்தைத் திருகுங்கள். தூள் கூம்புக்குப் போடுவதைவிட நைசாக இருக்கலாம், மாவாகக் கூடாது; தட்டையாக நிரப்புங்கள், அழுத்தாதீர்கள். சிறுதீயில், மூடியைத் திறந்து வைத்துக் கவனியுங்கள். முதலில் கரும்பழுப்பாக வழியும் டிகாக்‌ஷன் படிப்படியாக வெளுத்துத் தேன்நிறமாகும். அந்த நிறம் வந்ததும், சீறத் தொடங்கும் முன்பே இறக்கி, அடிக்கலத்தைக் குழாய் நீரில் காட்டுங்கள். அந்தச் சீறலோடு வருவதுதான் நீங்கள் சொல்லும் கடுங்கசப்பு.

பாலுக்கு மூன்றில் ஏற்றது மோக்கா பாட்தான். கூம்பில் வடித்த காபி பால் சேர்ந்ததும் தன் முகவரியை இழந்துவிடுகிறது. மோக்காவின் திடமான டிகாக்‌ஷன் பாலின் கொழுப்பையும் இனிப்பையும் தாங்கி நிற்கும். பாலை 60 முதல் 65 டிகிரி வரை சூடாக்கினால் அதன் இயல்பான இனிப்பு நன்கு தெரியும். பொங்கக் காய்ச்சினால் வெந்த வாடை மேலோங்கும்.

நீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கோப்பையில் 98 சதவீதத்துக்கு மேல் இருப்பது அதுதான். கால்சியமும் மெக்னீசியமும் அளவோடு இருந்தால் சுவைப் பொருள்கள் நன்கு கரையும். கடின நீரில் மிகுந்திருக்கும் பைகார்பனேட் அமிலங்களை முறித்து, காபியை மொட்டையாக்கிவிடும். தாதுக்கள் முற்றிலும் நீக்கப்பட்ட நீரிலும் சுவை சிறக்காது. வெப்பத்தைப் பொறுத்தவரை, 92 முதல் 96 டிகிரி வரை இளவறுவலுக்கும் நடுவறுவலுக்கும் பொருந்தும். கருவறுவல் எளிதில் கரைவதால் அதற்கு 90-ஐ ஒட்டி இருந்தால் போதும். வெப்பமானி இல்லாவிட்டால், கொதித்த பின் ஒரு நிமிடத்துக்குள் ஊற்றிவிடுங்கள்.

அரைத்த தூளைக் காற்று மிக விரைவில் கெடுக்கும். கொட்டையாக வாங்கி அன்றன்றைக்கு அரைப்பதே நல்லது. இயலாதவர்கள் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும், ஒரு கருவிக்கேற்ற பதத்தில் அரைத்து வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து வெளிச்சம் படாமல் வைக்கலாம். குளிர்பதனப் பெட்டியிலிருந்து நாள்தோறும் எடுத்து வைக்கும் டப்பாவில் ஈரம் கோத்துக்கொள்ளும், அதைத் தவிருங்கள்.

உங்கள் வீட்டுக் காலைக்கு என் பரிந்துரை இது. கெட்டிலில் ஒரே முறை நீரைக் கொதிக்க வைத்து, முதல் பங்கை மோக்கா பாட்டின் அடிக்கலத்தில் ஊற்றி, உங்கள் மனைவிக்காகச் சிறுதீயில் ஏற்றுங்கள். அது சூடேறும் இடைவேளையில் உங்கள் கூம்பில் வடிதாளையும் தூளையும் நனைத்துவிடலாம். மோக்கா வழியத் தொடங்கியதும் மட்டும் பார்வையை அடுப்பின் மேல் வைத்திருங்கள். இரண்டு கோப்பைகளும் பத்து நிமிடத்துக்குள் தயாராகிவிடும். விடுமுறை நாள்களில் ஃபிரெஞ்ச் பிரஸ்ஸை எடுங்கள். மூன்றையும் பயன்படுத்திய கையோடு பிரித்துக் கழுவுங்கள். மோக்காவின் ரப்பர் வளையத்துக்கு அடியிலும் பிரஸ்ஸின் சல்லடை மடிப்பிலும் படியும் எண்ணெய் சில நாள்களில் காறிப்போய், மறுநாள் காபியில் பழைய நெடியை ஏற்றிவிடும்.