கால்வெஸ்டன் கரையில் ஃப்ளவுண்டர்: கேள்வி பதில்

கடலடித் தரையோடு ஒட்டிக் கிடக்கும் தட்டை மீனான ஃப்ளவுண்டரைப் பற்றி, டெக்சாஸின் ஹூஸ்டன் பக்கத்துத் தமிழர்கள் கேட்டவை. பதில் சொல்பவர் கால்வெஸ்டன் வளைகுடாவில் தூண்டில் போட்டுப் பழகியவர்.

சுகர்லேண்டிலிருந்து: அண்ணா, எவ்வளவு தூரம் வீசினாலும் ஃப்ளவுண்டர் மாட்டவில்லையே?

தூரமாக வீசுவதுதான் சிக்கல். இது இரையைத் தேடி அலைகிற மீன் இல்லை. சேற்றிலோ மணலிலோ உடம்பைப் புதைத்து, கண் இரண்டையும் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். இரை வாய்க்கு முன்னால் வந்தால் பாயும். அதனால் வற்றத்தின்போது புல் சதுப்பிலிருந்து தண்ணீர் வடிந்து வளைகுடாவில் சேருகிற ஓடை வாயில் போடுங்கள். டெக்சாஸ் சிட்டி டைக் (வளைகுடாவுக்குள் நீளும் கல் அணை), சீவுல்ஃப் பார்க் மாதிரி கரையோர இடங்களில் கல்லின் அடியோரமே போதும். தண்ணீர் ஓட வேண்டும், அது முக்கியம். ஓட்டம் நின்றுவிட்டால் ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ குடிக்கலாம்.

பேர்லேண்டிலிருந்து: என்ன இரை?

விரல் நீள மடவைக் குஞ்சு, உயிரோடு. உதட்டில் முள்ளைக் குத்துங்கள். தூண்டில் நரம்பில் தாராளமாக ஓடுகிற முட்டை வடிவ ஈயம், அதற்குக் கீழே ஒன்றரை அடிக்கு 20 பவுண்டு தாங்கும் ஃப்ளோரோகார்பன் நரம்பு. மடவை கிடைக்காத நாளில் கால் அவுன்ஸ் ஜிக்கில் (ஈயத் தலை வைத்த முள்) வெள்ளை ரப்பர் இரை. தரையைத் தொட்டுத் தொட்டு மெதுவாக இழுங்கள்.

கேட்டியிலிருந்து: கடிக்கிறது தெரிகிறது, சுண்டினால் பாதி மடவைதான் வருகிறது.

அவசரம்தான் காரணம். ஃப்ளவுண்டர் முதலில் இரையைப் பல்லால் கவ்விப் பிடிக்கும், விழுங்குவது அப்புறம்தான். டொக்கென்று ஒரு தட்டு. பிறகு ஈரச் சாக்கு மாட்டியது போல வெறும் கனம். அப்போது நரம்பைக் கொஞ்சம் தளர்த்தி, பத்து வரை எண்ணிவிட்டுச் சுண்டுங்கள். ரப்பர் இரையென்றால் எண்ணாமல் உடனே. கரைக்கு வந்ததும் தலையைத் தண்ணீருக்கு மேல் தூக்காதீர்கள். ஒரே உதறலில் போய்விடும். வலையை முன்பே நீருக்குள் இறக்கி வைத்து, தலைப்பக்கமாக உள்ளே விடுங்கள்.

லீக் சிட்டியிலிருந்து: நவம்பரில் கொத்துக் கொத்தாக வருமாமே?

வரும், ஆனால் எடுக்கக் கூடாது. குளிர்காற்று அடித்ததும் முட்டையிட வளைகுடாவை விட்டுக் கடலுக்குக் கிளம்பும் கூட்டம் அது. 2021 முதல் நவம்பர் 1 தொடங்கி டிசம்பர் 14 வரை தடை. மற்ற நாட்களில் ஆளுக்கு 5 மீன், ஒவ்வொன்றும் குறைந்தது 15 அங்குலம். ஆண் மீன் ஓரடியைத் தாண்டுவதே அரிது. ஆக, நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது அநேகமாகப் பெண் மீன்தான். என்னைக் கேட்டால், அக்டோபரில் இரண்டு பிடித்தால் வீட்டுக்குப் போதும். மீன்பிடி உரிமத்தில் கடல்நீருக்கான அனுமதியும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொருவர்: இரவில் விளக்கு வைத்து ஈட்டியால் குத்தலாமா?

சட்டம் தடுக்கவில்லை. ஆனால் குத்திய பிறகு அளந்து பார்த்து என்ன பயன்? திரும்ப விட முடியாது. சந்தேகமான அளவென்றால் குத்தாமல் விட்டுவிடுங்கள். தண்ணீரில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், திருக்கை இருக்கும். காலில் புண்ணோடு கோடையில் இறங்கவே வேண்டாம். புண் வழியாக உடம்புக்குள் புகும் விப்ரியோ கிருமி விளையாட்டுக் காரியமில்லை.

சுகர்லேண்டிலிருந்து மறுபடியும், வீட்டம்மா சார்பில்: குழம்பு வைக்கலாமா?

வேண்டாம், சதை மிருது, கரைந்துவிடும். முழுசாக வறுங்கள். பிடித்தவுடன் செவுளை வெட்டி ரத்தம் வடித்து, ஐஸில் வையுங்கள். இரண்டு பக்கமும் செதில் சுரண்டுங்கள். குடல் தலைக்குப் பின்னால் சின்னப் பையாகத்தான் இருக்கும், சிரமமில்லை. கண் இருக்கிற கறுப்புப் பக்கம் சதை தடிப்பு. எலும்பைத் தொடும் வரை குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள், மிளகு, சோம்பு, பூண்டு விழுது, உப்பு, எலுமிச்சைச் சாறு, ஒரு கரண்டி அரிசி மாவு. தடவி இருபது நிமிடம். அதற்கு மேல் ஊறினால் எலுமிச்சை சதையை வெளுத்துவிடும். இரும்புச் சட்டியில் கறுப்புப் பக்கத்தை முதலில் போட்டு, தானாக விடுபடும் வரை கிளறாமல் விடுங்கள். திருப்பினால் வெள்ளைப் பக்கம் சீக்கிரமே வெந்துவிடும்.

அவரே: முள் இல்லாமல் குழந்தைகளுக்கு?

நடுக்கோட்டில் கீறி இருபுறமும் எலும்பை ஒட்டிக் கத்தியை ஓட்டினால் ஒரு பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு துண்டு. மிச்ச எலும்பைக் குப்பையில் போடாதீர்கள். அடுத்த வாரம் நண்டுக்கு இரையாகும்.