தோளில் மூன்று நட்சத்திரம்

அன்புள்ள ஐயா,

நீங்கள் சில ஆண்டுகள் ராணுவத்தில் டாக்டராக இருந்தவர் என்று உங்கள் லடாக் குறிப்புகளிலிருந்து தெரிந்துகொண்டேன். நான் வேலூர் மாவட்டத்துக்காரன். எம்.பி.பி.எஸ். முடித்து ஹவுஸ் சர்ஜன் பயிற்சியும் முடிந்துவிட்டது. அப்பா ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். ராணுவ மருத்துவப் பிரிவில் ஷார்ட் சர்வீஸ் கமிஷனுக்கு எழுதிப் போடு என்கிறார். நண்பர்களெல்லாம் நீட் பி.ஜி.க்குப் படிக்கிறார்கள். ஐந்து வருடம் போய்வந்தால் படித்ததெல்லாம் துருப்பிடித்துவிடும் என்கிறார்கள். டாக்டரும் துப்பாக்கி தூக்க வேண்டுமா? போகலாமா, வேண்டாமா?

எஸ். (பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள எஸ்.,

துருப்பிடிக்கும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? பட்டாலியன் டாக்டராகப் போட்டால் உங்கள் ஆஸ்பத்திரி என்பது ஒரு எம்.ஐ. ரூம் (மருத்துவப் பரிசோதனை அறை), நான்கைந்து நர்சிங் அசிஸ்டென்ட்கள், சில கட்டில்கள். நோயாளிகள் எழுநூறு, எண்ணூறு ஆரோக்கியமான இளைஞர்கள். காலில் கொப்புளம், இடுப்பில் படர்தாமரை, முழங்கால் வலி. நான் ஒரு வருடத்தில் பார்த்த சர்க்கரை நோயாளிகளை நீங்கள் ஹவுஸ் சர்ஜனாக ஒரு காலையிலேயே பார்த்திருப்பீர்கள்.

ஆனால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோன சில விஷயங்கள் அங்கே உயிர் பெறும். ஹாராக்ஸ் கருவி நினைவிருக்கிறதா? ஆறு வெள்ளைக் கோப்பை, ஒரு கறுப்புக் கோப்பை, தண்ணீருக்கு எவ்வளவு பிளீச்சிங் பவுடர் என்று கண்டுபிடிப்பது. ஹாராக்ஸே பிரிட்டிஷ் ராணுவ டாக்டர்தான். நான் கல்லூரியில் அதை ஒரு கண்ணாடி அலமாரிக்குள் மட்டும்தான் பார்த்திருந்தேன். முகாமில் சமையற்கூடத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எந்தக் கோப்பையில் நீலம் வருகிறது என்று பார்த்தபோதுதான், மொத்த பட்டாலியனின் வயிறும் என் கையில் இருப்பது உறைத்தது. கழிப்பறைக் குழியின் ஆழத்தை அளப்பதும் டாக்டர் வேலைதான். கௌரவம் பார்ப்பவர்களுக்குச் சரிப்படாது.

அப்புறம் மலை. ஒன்பதாயிரம் அடிக்கு மேல் போகிறவர்கள் முதல் கட்டமாக ஆறு நாள், பன்னிரண்டாயிரத்தைத் தாண்டினால் இன்னொரு நான்கு நாள், பதினைந்தாயிரத்துக்கு மேல் மறுபடியும் நான்கு நாள் தங்கி உடம்பைப் பழக்க வேண்டும். 1962 சீனப் போரில் சமவெளியிலிருந்து அவசர அவசரமாக மேலே அனுப்பப்பட்டவர்கள் பட்டது கொஞ்சமல்ல. அதற்குப் பிறகு இந்திய ராணுவ மருத்துவர்கள் 1,925 பேரை ஆராய்ந்து மலைநோய் பற்றி 1969இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் எழுதினார்கள். உலகமே படித்த கட்டுரை அது.

ஒரு முறை என்னைவிட மூத்த அதிகாரி ஒருவர், இரண்டு நாளைக் குறைத்துக்கொள்ளலாமா டாக்டர், பையன்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று கேட்டார். நல்ல மனிதர், அவருக்கும் மேலிருந்து நெருக்கடி. முடியாது சார் என்றேன். குரல் நடுங்கியது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டால் நடுராத்திரியில் ஆளைக் கீழே இறக்குவதுதான் முதல் மருந்து, பனி பெய்தால் அந்த மருந்தும் கிடையாது என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுச் சரி என்றார். டாக்டருக்கு எதற்கு கேப்டன் பதவியும் தோளில் மூன்று நட்சத்திரமும் என்று அதுவரை எனக்கு விளங்கியதில்லை. ‘முடியாது’ என்கிற அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்குத்தான்.

இதற்கு நேரெதிரான சிக்கலும் உண்டு. ரத்த அழுத்தம் ஏறிய நாயக் (ஹவில்தாருக்கு ஒரு படி கீழே) ஒருவர், பதவி உயர்வு நெருங்குகிற சமயத்தில், எழுதிவிடாதீர்கள் சாப் என்று கெஞ்சினார். எழுதினால் லோ மெடிக்கல் காட்டகரி, அதாவது உடல்தகுதி குறைந்தவர் என்ற முத்திரை. எழுதாவிட்டால் மலையில் என்ன ஆகுமோ தெரியாது. எழுதினேன். அதற்குப் பிறகு அவர் எனக்கு சல்யூட் அடித்தார், முகத்தைப் பார்க்கவில்லை. உங்கள் மருத்துவ அறிவைவிட இந்த இடம்தான் உங்களை அதிகம் சோதிக்கும். வெளியே, நோயாளிக்கு உங்களைப் பிடிக்கவில்லையென்றால் வேறு டாக்டரிடம் போய்விடுவார். அங்கே அவருக்கு நீங்கள்தான், உங்களுக்கு அவர்தான்.

துப்பாக்கி: பயிற்சியில் சுடக் கற்றுக்கொடுப்பார்கள். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி டாக்டர் போரிடுபவர் அல்ல. தன்னையும் தன் நோயாளிகளையும் காக்க ஆயுதம் வைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்.

இங்கே ஒருவரைச் சொல்லாமல் நகர முடியவில்லை. பெயரிலேயே ஆர்க்காட்டை வைத்திருந்த லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். கொரியப் போருக்கு இந்தியா படை அனுப்பவில்லை, 60ஆவது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ் என்ற போர்க்கள மருத்துவப் பிரிவை அனுப்பியது; அதன் தலைவர் அவர். 1950 டிசம்பரில் சீனப்படை நெருங்க, பியோங்யாங்கை எல்லாரும் காலி செய்துகொண்டிருந்தார்கள். மருத்துவக் கருவிகளை ஏற்றிப்போக வண்டி இல்லை. அவருடைய ஆட்கள் ஒரு நீராவி எஞ்சினைத் தேடிப்பிடித்து, தாங்களே ஓட்டி, அத்தனையையும் தெற்கே கொண்டுவந்துவிட்டார்கள். அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. நம் ஊர்ப் பாடப்புத்தகத்தில் அவரைப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை.

இனி கணக்கு. முதலில் ஐந்து ஆண்டு, நீட்டித்தால் மொத்தம் பதினான்கு. அடிப்படைச் சம்பளத்தோடு ராணுவப் பணிக்கென்று மாதம் 15,500 ரூபாய், தனியாகப் பிராக்டிஸ் செய்யாததற்கு ஒரு படி. ஆனால் பதினான்கு ஆண்டு முடித்தாலும் ஓய்வூதியம் கிடையாது. ஹவில்தார் அப்பாவுக்கு மாதாமாதம் பென்ஷன் வரும், அதிகாரியான மகனுக்கு வராது. இதை அப்பாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். பி.ஜி.யும் சுலபமில்லை. நான் வெளியே வந்து, என்னைவிட ஏழு வயது சிறியவர்களோடு உட்கார்ந்து படித்தபோது, ஒரு பக்கத்தை மூன்று முறை வாசிக்க வேண்டியிருந்தது. அறுவை சிகிச்சைதான் உயிர் என்று இருந்தால் முதலில் பி.ஜி. முடியுங்கள். முதுநிலை முடித்தவர்களையும் எடுக்கிறார்கள், அவர்களுக்கு வயது வரம்பும் கூடுதல்.

எழுதிப் போடுவதற்கு முன் அப்பாவிடம் ஒன்று கேளுங்கள். அவருடைய பட்டாலியனுக்கு வந்துபோன டாக்டர்களில் யார் பெயர் இன்னும் அவர் நினைவில் இருக்கிறது, ஏன் என்று. அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.