சென்னை பிளான் டர்பனுக்கு ஆகுமா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் அப்பா விட்டுப்போன பழைய வீடு எங்களுடையது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, இங்கே கோடைகாலமான டிசம்பரில் உள்ளே உட்கார முடியாது. பின்பக்கம் இரண்டு அறை கட்டப் போகிறோம். சென்னையில் இருக்கும் மாமா ஒரு பிளான் போட்டுக் கொடுத்தார்: தெற்கே நீளத் தாழ்வாரம், வடக்கே பெரிய ஜன்னல். இதற்கு மேல் ஆர்க்கிடெக்ட் வேறு வேண்டுமா?

பதில்: மாமா சரியாகத்தான் போட்டிருக்கிறார், சென்னைக்கு. அங்கே வருஷத்தில் பெரும்பாலான நாள் வெயில் தெற்கிலிருந்து வரும். தாழ்வாரம் அதைத் தடுக்கும். டர்பன் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 30 டிகிரியில் இருக்கிறது. இங்கே சூரியன் வடக்கு வழியாகப் போகிறது. தெற்கே தாழ்வாரம் போட்டால் நிழலுக்கே நிழல் கட்டியதுபோல் ஆகும், குளிர்காலத்தில் ஈரம் வேறு.

வடக்கு ஜன்னல் இருக்கட்டும். ஆனால் சென்னையில் அதற்குச் சன்ஷேட் அவ்வளவாக வேண்டாம், இங்கே கட்டாயம் வேண்டும். நண்பகல் சூரியன் டிசம்பரில் கிட்டத்தட்ட தலைக்கு மேல், 83 டிகிரி உயரத்தில் நிற்கும்; குளிர்காலமான ஜூனில் 37 டிகிரிதான். ஜன்னலுக்கு நேர் மேலே 60 சென்டிமீட்டர் சன்ஷேட் போட்டால், பிப்ரவரி மத்தியில்கூட நண்பகல் வெயில் கண்ணாடியில் படாது. ஜூனில் அதே சன்ஷேட் மேலே அரை மீட்டருக்கும் குறைவாகத்தான் மறைக்கும், மீதி வழியாக வெயில் அறைக்குள் வரும். அறையைச் சூடாக்கக் கரண்ட் செலவே இல்லை.

மேற்கு மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். சாயங்கால வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேட் உதவாது. அந்தப் பக்கம் குளியலறையையோ ஸ்டோர் ரூமையோ தள்ளுங்கள். இங்கே காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வரும், அதற்கு எதிரெதிர் மூலைகளில் திறப்பு விடுங்கள்.

சரி, கூரை. சூட்டில் பெரும்பங்கு அங்கிருந்துதான். ஆஸ்பெஸ்டாஸை வெட்டவோ துளைபோடவோ, பெயின்ட் அடிப்பதற்காக பிரஷர் வாஷர் வைத்துக் கழுவவோ கூடாது. நார் காற்றில் பறந்து நுரையீரலுக்குப் போகும். கழற்றுவதென்றால் அதற்கென்று பதிவு பெற்றவர்கள்தான் செய்ய வேண்டும். இப்போதைக்கு சீலிங்குக்கு மேல் இன்சுலேஷன் விரித்தாலே வித்தியாசம் தெரியும். அதையும் ஷீட்டைத் தொடாமல் செய்யத் தெரிந்தவர் செய்யட்டும். டர்பனில் கேட்டோ மேனரில் 2011-இல் 30 சின்ன வீடுகளை இப்படித்தான் மாற்றினார்கள்: இன்சுலேஷன் உள்ள சீலிங், சோலார் கீஸர், மழைநீர்த் தொட்டி. மாளிகைக்கு மட்டும்தான் பசுமைக் கட்டடம் என்று நினைப்பவர்கள் அந்தத் தெருவைப் பார்க்கலாம்.

இனி ஆர்க்கிடெக்ட். நகராட்சிக்குப் பிளான் போட்டாக வேண்டும், மாமாவின் கையெழுத்து அங்கே செல்லாது. சாக்காப் (SACAP) என்ற கட்டட வடிவமைப்பாளர்களின் தொழில் மன்றத்தில் பதிவு பெற்றவர் வேண்டும். இரண்டு அறைக்குப் பெரிய ஆர்க்கிடெக்ட் தேவையில்லை என்பது என் எண்ணம், பதிவு பெற்ற டிராஃப்ட்ஸ்மேன் பொதுவாகப் போதும். அவரிடம், "ஜூன் மாத வெயில் இந்த அறையில் எதுவரை வரும்?" என்று கேளுங்கள். கோடு போட்டுக் காட்டினால் வைத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கட்டும் இடத்தில் வெந்நீருக்குக் குறைந்தது பாதியாவது சாதாரண மின்கீஸர் அல்லாமல் வேறு வழியில் சூடாக வேண்டும் என்பது 2011 முதல் விதி. அது தெரியாதவர் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

அப்புறம், சரிவில் கட்டுகிறீர்கள் என்றால் புதுக் கூரையின் தண்ணீர் யார் வீட்டுச் சுவரில் போய் விழும்? 2022 ஏப்ரலில் டர்பனில் வந்த வெள்ளத்தை நாம் யாரும் மறக்கவில்லை. தொட்டியும் கால்வாயும் பிளானிலேயே இருக்கட்டும். அஸ்திவாரம் தோண்டும் முன் கீழ்வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அதைக் காட்டிவிடுங்கள்.