'கோ' படத்தின் முடிவு சரிதானா?

பத்திரிகைக்காரர்களையும் அரசியலையும் வைத்து வந்த 'கோ' படத்தில், பத்திரிகைக்குப் படம் எடுக்கும் நாயகன் அஸ்வின் (ஜீவா) கடைசியில் செய்வது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிவைச் சொல்லாமல் பதில் எழுத முடியாது. படம் பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரியில்லை என்பதுதான் என் பதில். ஆனால் 2011இல் இலங்கை மலையகத்தின் ஹட்டனில் நண்பன் வீட்டில் டிவிடி போட்டுப் பார்த்தபோது அதே முடிவுக்குக் கைதட்டியவன் நான்.

படம் நல்ல படம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இயக்குநர் கே.வி. ஆனந்த் ஒளிப்பதிவாளர் ஆவதற்கு முன் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தவர். அது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும். வங்கியைக் கொள்ளையடித்து ஓடுகிறவர்களை ஜீவா பைக்கில் விரட்டும்போது கண்ணெல்லாம் கேமராவில்தான் இருக்கும். படம் வந்த நேரமும் அப்படி. தமிழ்நாட்டில் ஏப்ரல் 13 வாக்களிப்பு, 22இல் படம், மே 13இல்தான் தேர்தல் முடிவு. ஓட்டுப் போட்டுவிட்டுக் காத்திருந்த சனம், தியேட்டரில் உட்கார்ந்து ஆட்சி மாறுவதைப் பார்த்திருக்கிறது.

இனி முடிவுக்கு வருகிறேன். 'சிறகுகள்' என்ற இளைஞர் கட்சியின் தலைவன் வசந்தன். ஆட்சியைப் பிடிக்க நக்சல்களோடு கைகோத்தவன். சொந்தக் கூட்டத்திலேயே குண்டு வெடித்ததற்கும், அஸ்வினின் தோழி சரோ செத்ததற்கும் அவனே காரணம். இதெல்லாம் தெரிந்த அஸ்வின், வசந்தன் செத்ததும் அவனைத் தியாகி என்று ஊருக்குச் சொல்லிவிடுகிறான். கட்சியில் மிச்சமிருக்கும் நல்ல பிள்ளைகளாவது ஆளட்டும் என்பது அவன் நியாயம்.

அந்த நியாயத்தை நானும் ஒருமுறை நம்பினேன்.

தலவாக்கலைப் பக்கம் நான் பிரதேச நிருபர். ஒரு தேர்தலுக்கு முன் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குக் கூரைத் தகரம் கொடுத்தார்கள். மாலை, பட்டாசு எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்ததும், பாதித் தகரத்தைத் திரும்ப லொறியில் ஏற்றினார்கள். அதையும் படம் பிடித்தேன். தோட்டத் தலைவர் என் தோளில் கைபோட்டு, "தம்பி, இப்ப இதப் போட்டா மத்தவனுக்குத்தான் லாபம். நம்ம ஆளு ஜெயிக்கட்டும், ரோடே வரும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, மனதார நம்பித்தான் சொன்னார். நான் செய்தியை அனுப்பவில்லை.

நம்ம ஆளு ஜெயித்தார். ஆடி மழையில் அந்த லயத்துக்குப் போனேன். ஒரு பாட்டி தன் காம்பரா அறைக்குள் ஒழுகிற இடத்திலெல்லாம் சட்டி வைத்திருந்தார். அரிசி வாளிக்கு மேலே, கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கை விரித்திருந்தார். "போட்டோ புடிச்சீங்களே தம்பி, பேப்பர்ல வந்துச்சா?" என்று கேட்டார். அடுத்த வாரம் வரும் பாட்டி என்று சொல்லிவிட்டு வாசல் திண்ணையான இஸ்தோப்பை விட்டு இறங்கினேன். அன்றிரவே படத்தை அனுப்பினேன். பழைய செய்தி என்று போடவில்லை.

எங்கள் மலையகத்துக்கும் ஒரு 'கோ' உண்டு, கோ. நடேசய்யர். வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில், புடவை வியாபாரி மாதிரி லயங்களுக்குள் போய்ப் பார்த்து வந்தவர். 'தேசநேசன்', 'தேசபக்தன்' என்று பத்திரிகைகள் நடத்தினார். 1936இல் ஹட்டன் தொகுதியில் வென்று அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்கும் போனார். பத்திரிகையாளரும் அவரே, அரசியல்வாதியும் அவரே. தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரத் துரைமாரைத் தாக்கி எழுதிய அதே பேனாவால், தொழிலாளர்களை வேலை வாங்கிய கங்காணிமாரையும் தாக்கினார். கங்காணிமார் நம்ம ஆளுகள், தமிழர்கள். வெள்ளைக்காரனுக்கு லாபமாகிவிடும் என்று அவர்களை அவர் விட்டுவைக்கவில்லை.

படத்தைக் கட்டாயம் பாருங்கள். கடைசியில் அஸ்வின் வசந்தனைப் புகழும்போது சரோவை நினைத்துக்கொள்ளுங்கள். அவளும் அதே பத்திரிகையில் வேலை செய்தவள். அவள் எப்படிச் செத்தாள் என்ற உண்மை அந்தப் பத்திரிகையில் வரவே இல்லை.