மஸ்டாங்கா, கமாரோவா: 35,000 டாலருக்கு எது நல்ல கார்?

கேள்வி: டல்லாஸில் வேலை பார்க்கிறேன். 35,000 டாலருக்குள் ஒரு பழைய கார் வாங்க நினைக்கிறேன். 2018-லிருந்து வந்த ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, செவர்லே கமாரோ எஸ்எஸ் இரண்டிலும் சிலவற்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். கமாரோதான் சிறந்தது என்று நண்பர்கள் அடித்துச் சொல்கிறார்கள். தினமும் ஆபீஸுக்கும் இதே கார்தான். நான்கு வயது மகளை வாரத்தில் இரண்டு நாள் பள்ளியில் விட வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வது தப்பில்லை. ஆனால் அவர்கள் உங்கள் மகளைக் கணக்கில் எடுக்கவில்லை.

முதலில் எஞ்சின். மஸ்டாங்கில் 5.0 லிட்டர் வி8, 460 குதிரைத்திறன். கமாரோவில் 6.2 லிட்டர் வி8, 455. தாளில் கிட்டத்தட்ட சமம்தான், ஓட்டினால் இரண்டும் இரண்டு குணம். கமாரோவின் பெரிய எஞ்சின் குறைந்த சுழற்சியிலேயே நன்றாக இழுக்கும்; ஆக்ஸிலரேட்டரில் காலை லேசாக வைத்தாலே போதும். மஸ்டாங்கின் எஞ்சின் சுற்றச் சுற்றத்தான் உயிர் பெறும், நிமிடத்துக்கு 7,000 சுழற்சியைத் தாண்டியும் சளைக்காமல் போகும். ஆட்டோமேட்டிக் கியர் என்றால் இரண்டுமே நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைலை ஏறக்குறைய நான்கு விநாடியில் தொட்டுவிடும். ஆகவே நேர்கோட்டு வேகத்தை வைத்து முடிவு எடுக்காதீர்கள்.

வித்தியாசம் தெரிவது வளைவில். கமாரோவின் அடித்தளம் கேடிலாக் ஏடிஎஸ் காருடன் பகிர்ந்துகொண்டது. ஸ்டீயரிங் திருப்பியதும் முன்பக்கம் கேட்கிற விதமும், உடல் சாயாமல் நிற்கிற விதமும் மஸ்டாங்கை விட ஒரு படி மேல். இதை நான் தயக்கமில்லாமல் சொல்வேன். அப்புறம் இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. கமாரோ ஜெயித்தது என்று நீங்கள் பார்க்கும் ஒப்பீடுகள் பலவற்றில் ஓடுவது சாதாரண எஸ்எஸ் இல்லை, 1எல்இ என்ற பந்தயத்தளப் பேக்கேஜ் சேர்த்த எஸ்எஸ். புதிதாக வாங்கியபோதே அதற்கு ஆறேழாயிரம் டாலர் கூடுதல். மஸ்டாங்கிலும் பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் என்று ஒன்று உண்டு. அது இல்லாத ஜிடி கொஞ்சம் மெத்தென்று ஆடும், பிரேக்கும் சிறியது. டிக்கியில் ஒட்டியிருக்கும் ‘ஜிடி’ என்ற எழுத்து எஞ்சினை மட்டும்தான் சொல்கிறது.

விற்பவர் என்ன சொன்னாலும் குனிந்து டயரையும் பிரேக்கையும் பாருங்கள். பேக்கேஜ் உள்ள மஸ்டாங்கில் 19 அங்குலச் சக்கரம், முன்னால் 255, பின்னால் 275 மில்லிமீட்டர் அகல டயர், முன் பிரேக்கில் பிரெம்போ என்ற பெயர் இருக்கும். 1எல்இ கமாரோவில் 20 அங்குலச் சக்கரம், முன்னால் 285, பின்னால் 305, பானெட் கறுப்பு. அந்த டயர்கள் ரோட்டை அட்டை மாதிரி பிடிக்கும். ஆனால் சீக்கிரம் தேயும், மாற்றும்போது பர்ஸ் தாங்காது. தினமும் ஆபீஸ் போகிறவர் இதைக் காரின் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

சரி, மகளுக்கு வருவோம். கமாரோவின் ஜன்னல்கள் ஒடுக்கம். லேன் மாறும்போது தோளுக்குப் பின்னால் திரும்பினால் பெரும்பாலும் தூண்தான் தெரியும். பின்சீட்டில் குழந்தை இருக்கையை வைத்துப் பட்டை மாட்டுவதற்குள் முதுகு ஒடிந்துவிடும். டிக்கி 9 கன அடி, வாயும் குறுகல். மஸ்டாங்கும் இரண்டு கதவுக் கார்தான், தாராளம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளியே பார்க்க முடிகிறது, டிக்கி 13.5 கன அடி. குழந்தை இருக்கையைக் கையோடு கொண்டுபோய், விற்பவர் முன்னாலேயே மாட்டிப் பாருங்கள். வெட்கப்பட வேண்டிய விஷயமே இல்லை.

உங்களுக்கு என் பதில்: பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் உள்ள 2018-க்குப் பிந்தைய மஸ்டாங் ஜிடி. தனி ஆளாக இருந்திருந்தால் மேனுவல் கியர் உள்ள கமாரோ எஸ்எஸ் 1எல்இ-யைத் தேடிப் பிடியுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தக் காசுக்கு அவ்வளவு திறமையான கார் கிடைப்பது அபூர்வம்.

அதையும் மீறி கமாரோவில்தான் மனசு நிற்கிறது, அதுவும் 2018 ஆட்டோமேட்டிக் என்றால், மணிக்கு 30 முதல் 50 மைலில் சீராக ஓட்டிப் பாருங்கள். சாலையோர அதிர்வுப் பட்டைமேல் ஓடுவதுபோல் நடுக்கம் வந்தால், அது அந்த எட்டு கியர் பெட்டியில் பலரும் சொன்ன குறை. கியர் ஆயிலை வேறு வகைக்கு மாற்றும்படி நிறுவனமே சர்வீஸ் நிலையங்களுக்கு அறிவுறுத்தியது. மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். 2019-லிருந்து எஸ்எஸ்-ஸில் பத்து கியர்ப் பெட்டி வந்துவிட்டது.

கேள்வி: சிகாகோவில் இருக்கிறேன். அதே விலையில் டாட்ஜ் சேலஞ்சர் ஸ்காட் பேக் 485 குதிரைத்திறனோடு கிடைக்கிறது. அதிக சக்தி, அதே பணம். அதுதானே லாபம்?

பதில்: சக்தியை மட்டும் பார்க்காமல், ஒரு குதிரை எத்தனை பவுண்டு சுமக்கிறது என்று பாருங்கள். சேலஞ்சர் சுமார் 4,200 பவுண்டு. ஒரு குதிரைக்கு எட்டரைக்கு மேல். மஸ்டாங்கும் கமாரோவும் சுமார் 3,700. ஒரு குதிரைக்கு எட்டு. 2014 முதல் 2019 வரை வந்த ஏழாம் தலைமுறை கார்வெட், அதாவது செவர்லேயின் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார், இன்னும் லேசு. ஒரு குதிரைக்கு ஏழரைக்குள். இரண்டே இருக்கை போதும் என்றால், வேகத்துக்காக மட்டும் வாங்குகிறவர் அந்தக் கார்வெட்டைப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது.

ஆனாலும் சேலஞ்சரை நான் ஒதுக்க மாட்டேன். ஐந்து பேர் உட்காரலாம், டிக்கி 16 கன அடி, நெடுஞ்சாலையில் அலுப்பே தெரியாது. குடும்பத்தோடு ஊர் ஊராகப் போகிறவருக்கு இந்த நான்கில் அதுதான் கார். முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் காரின் விஐஎன் எண்ணை (ஒவ்வொரு காருக்கும் உரிய அடையாள எண்) சொல்லி இன்சூரன்ஸ் தொகையைக் கேட்டுவிடுங்கள். டாட்ஜின் சக்திவாய்ந்த கார்கள் திருடர்களுக்குப் பிடித்தவை, பிரீமியத்தில் அது தெரியும். அப்புறம் உங்கள் ஊர்ப் பனி. நீங்கள் சொல்லும் காருக்குப் பின்சக்கர இழுவை மட்டும்தான். கோடை டயர் குளிரில் இறுகிப்போய் பிடிப்பை இழக்கும். நான்கு பனிக்கால டயருக்கான பணத்தை முதலிலேயே தனியாக எடுத்து வையுங்கள்.

கேள்வி: கமாரோ, சேலஞ்சர் இரண்டின் உற்பத்தியும் 2023 டிசம்பரில் நின்றுவிட்டதே, இப்போது வாங்கி வைத்தால் விலை ஏறுமா?

பதில்: அந்த நம்பிக்கையில் வாங்காதீர்கள். கமாரோ 2002-லும் நின்றது, 2009-ல் புது உருவத்தில் திரும்பி வந்தது. இவை ஆயிரக்கணக்கில் தயாரான கார்கள். உதிரிபாகம் பற்றிப் பயம் என்றால், கமாரோ எஸ்எஸ்-ஸின் எஞ்சின் ஏழாம் தலைமுறை கார்வெட்டிலும் இருப்பதே, அதனால் எஞ்சின் பாகங்களுக்குத் தட்டுப்பாடு வர வெகுகாலம் ஆகும். முகப்பு விளக்கு, பம்பர், உள் அலங்காரம் போன்ற அந்தக் காருக்கே உரிய பாகங்கள்தான் வருஷம் போகப் போகத் தேட வேண்டியிருக்கும். எனவே விபத்தில் அடிபட்டுச் சரிசெய்த, ரீபில்ட் டைட்டில் உள்ள கமாரோ எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.